வாசிக்காமல் விட்ட நான்கு தாள்கள்

"எத்தின தாள் திருப்பினீங்க?"

றோசலின் கேட்டபோது காலை பத்து மணி இருக்கும். அவள் சாய்கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நான் எதிரில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன், மடியில் ஒரு சினிமா நடிகை தன் வாழ்க்கையை எழுதிய புத்தகம். தெருவில் ரொட்டி விற்கும் பாண்காரனின் ஓட்டோ தன் பாட்டைப் பாடிக்கொண்டு போனது. வாவிப் பக்கமிருந்து கருவாட்டு மணம் வந்துகொண்டிருந்தது.

"ஒண்டுதான்," என்றேன்.

"ஒண்டெண்டா சரக்கெண்டு மெல்லிசாக் கேக்கும். இது கனமாக் கேட்டிச்சி."

"புதுப் புத்தகம் புள்ள. தாள் ஒட்டிக் கிடக்கு."

"ஆ," என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினேன். அந்த நடிகை ஊட்டியில் படப்பிடிப்புக்குப் போன கதை. குளிர், கம்பளி, உதட்டுச் சாயம் உறைந்துபோனது. றோசலின் சிரிக்க வேண்டிய இடங்கள் இரண்டு மூன்று வந்தன. அவள் சிரிக்கவில்லை.

நான் திருப்பியது நான்கு தாள்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை என் உத்தியோகக் கதைகளைத்தான் எழுதி வந்தேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞராக முப்பது வருடம் இருந்தவனிடம் கதைக்குக் குறைவில்லை. வாய்க்கால் சண்டைகள், தண்ணீர்க் கூட்டங்கள், கோபக்கார எஞ்சினியர்மார். ஆட்களுக்கும் பிடித்திருந்தது.

போன மாதம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?' என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் பலதடவை எடுத்துப் படித்தேன். இந்த வாரம் எழுதுவது அதற்கான பதில். இதில் பகிடி இல்லை. அதை விரும்பி வாசிப்பவர்கள் இந்த ஒரு வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் வந்த வழி

றோசலினுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் காலில் புண் வந்தது, ஆறியது. பிறகு கண். வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து, "ஆரது?" என்று ஒரு நாள் கேட்டாள். ஆறு மாதத்துக்குள் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின.

அவளுடைய தங்கை திருச்சியில் இருக்கிறாள். கலவர காலத்தில் வள்ளம் ஏறிப் போனவள், அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அவள்தான் இந்தியாவுக்குப் போய்வந்த ஒருவரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அக்காவுக்குக் கண் தெரியாதென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பினாள்.

றோசலின் அதைக் கையில் வாங்கி, விரித்து, முகத்தோடு வைத்து மணந்து பார்த்தாள். "பசை மணக்குது," என்றாள். அட்டையைத் தடவினாள். "முன்னுக்கு அவட படமா? எந்தப் படம்? இளமையிலயா, இப்பயா?"

"இப்ப. நரைச்ச தலை. பொட்டில்ல."

"சாயம் பூசாமலா படம் எடுத்திரிக்கா?" நம்ப முடியாமல் கேட்டாள். பிறகு, "நீங்க வாசிங்க," என்றாள்.

அந்த நடிகையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் கல்முனைத் தியேட்டரில் அவருடைய படம் ஓடினால் பெரியகல்லாற்றிலிருந்து பெண்கள் கூட்டமாகப் போவார்கள். றோசலினும் தங்கையும் கோயில் பாட்டுப் பயிற்சி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போதகருக்குத் தெரிந்து, ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லாமல் கண்டித்தாராம். அவர் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாரும் திரும்பி இவர்களைத்தான் பார்த்தார்களாம்.

என் வீட்டுச் சங்கதிக்குள் அந்த அம்மாவை இழுத்துவிட எனக்கு மனமில்லை. அவர் தன் வாழ்க்கையைத்தான் எழுதினார்.

பத்து மணி

ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாடு முடிந்து, மருந்து கொடுத்து, பத்து மணிக்கு வாசிக்க இருப்போம். எனக்கு நாடகம் போல வாசிக்க வராது. கடிதம் வாசிக்கிற குரல்தான். அதுவே நல்லது என்றாள் றோசலின். "நீங்க நடிக்காதீங்க. அவ நடிச்சது காணும்."

அந்த அம்மா ஒளிக்காமல் எழுதியிருந்தார். காதல் காட்சியில் கதாநாயகனின் கட்டுப்பல் கழன்று தன் தோளில் விழுந்ததை எழுதியிருந்தார். பேட்டிகளில் சொன்னதில் பாதி பொய் என்று எழுதியிருந்தார். தான் யார் யாரை வஞ்சித்தேன் என்றும் எழுதியிருந்தார். கட்டுப்பல் கதைக்கு றோசலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு, அடுத்த வளவுச் சுபா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

சுபா பாலர் பாடசாலை ரீச்சர். கணவன் கட்டாரில். பதினொன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்; அன்றைக்கு எங்கள் வாசிப்பு அதுவரை நீண்டிருந்தது. "என்னக்கா பகிடி? எங்களுக்கும் சொல்லுங்களன்," என்று அன்றைக்குக் கேட்டாள்.

அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் என்று மனத்துக்குள் எண்ணினேன். கடல் வந்ததற்குப் பிறகு கேட்டதேயில்லை.

என் கண் முந்தி ஓடும்

உரத்து வாசிக்கும்போது என் கண் இரண்டு மூன்று வரி முந்தி ஓடும். எஞ்சினியருக்கு மனுக்களை வாசித்துக் காட்டிப் பழகிய பழக்கம். அசிங்கமாக யாரும் எழுதியிருந்தால் வாய் போய்ச் சேரமுன் விழுங்கிவிடலாம்.

அன்றைக்கும் கண் முந்தி ஓடியது. 'என் மகள்' என்று ஒரு வரி. 'தோட்டத்துத் தொட்டி' என்று அடுத்த வரி. நான் சட்டென்று நிறுத்தி, மிச்சத்தைக் கண்ணால் மட்டும் மேய்ந்தேன்.

அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்திருக்கிறாள். படப்பிடிப்பு இல்லாத ஒரு நாள். அம்மா வீட்டுக்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை தோட்டத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. செத்த வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் கணவர் சொன்னாராம், இவளுக்குப் பிள்ளையை விடத் தொலைபேசி பெரிதாகப் போய்விட்டதென்று.

அதற்குப் பிறகு அந்தக் கணவர் நல்ல கணவராகத்தான் இருந்திருக்கிறார். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது கால் பிடித்துவிட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை. அந்த அம்மா காத்திருந்தார். கணவர் செத்த அன்று அவர் அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறார் என்று சினிமா ஆட்கள் பேசிக்கொண்டார்களாம். தனக்கு அதிர்ச்சி ஒன்றும் இருக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

நான்கு தாளையும் சேர்த்துத் திருப்பினேன்.

றோசலின் தாங்கமாட்டாள், அவளுக்காகத்தான் திருப்பினேன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடல் வந்த நாள்

எங்களுக்கும் ஒரு பிள்ளை இருந்தான். ஜெபன். ஆறு வயது.

சுனாமி வந்த வருடம், கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வட்டை என்கிற வயல்வெளியில் எங்களுக்குக் கொஞ்ச வயல் இருந்தது. மழை பெய்து வட்டை முழுக்க வெள்ளம் நின்றது. வரம்பு உடைந்திருக்குமோ என்று பார்க்க விடியவே புறப்பட்டேன். "நத்தார் நேரத்திலயும் வயலா?" என்று றோசலின் கேட்டாள். ஜெபன் நத்தாருக்கு எடுத்த புதுச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அதோடேயே படுத்திருந்தான். நான் அவனை எழுப்பவில்லை.

அப்போது மண்முனையில் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டையான படகில்தான் வாவியைக் கடக்க வேண்டும். திரும்பி வரும்போது பாதை ஓடவில்லை. கரை முழுக்கச் சனம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு மீன்பிடிக்காரர் தன் தோணியில் என்னைக் கொண்டுவந்து விட்டார். வாவியில் கதவுகளும் மெத்தைகளும் மிதந்து வந்தன.

களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் றோசலினைக் கண்டேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த சீலையைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு குந்தியிருந்தாள். கையெல்லாம் கீறல். பக்கத்தில் ஜெபன் இல்லை.

தேத்தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெண் எனக்குச் சொன்னாள். "கையிலதான் புடிச்சிரிந்தாவாம் தம்பி. கை நழுவிட்டாம்."

நான் றோசலினுக்கு முன்னால் போய் நின்றேன். அந்த மண்டபத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன்.

"கைய விட்டிட்டியேடி. நானெண்டா விட்டிரிக்க மாட்டன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்து அதைப் பார்த்தாள். அந்தப் பெண் கோப்பையை அவள் காலடியில் வைத்துவிட்டு விலகிப் போனாள்.

நான் அன்றைக்கு வயலில் நின்றேன். என் பிள்ளை தண்ணீருக்குள் போனபோது நான் வரம்புக்கு மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத் தாங்கமாட்டாமல்தான் அவள்மேல் போட்டேன் என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லுகிறேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் வாவிக் கரையில் ஜெபனை எடுத்தார்கள். சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

நல்ல புருசன்

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்துதான் வாழ்ந்தோம். வீடு கட்டினோம். ஒவ்வொரு நத்தாருக்கும் அடுத்த நாள் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றுக்கு அணையாமல் நான் கையால் மறைப்பேன், அவள் கொளுத்துவாள். ஒரு வார்த்தை பேசமாட்டோம். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அவளுக்கு வருத்தம் வந்த பிறகு சமையல் என்னுடையது. ஊசி போடுவது நான். காலைக் கழுவி, விரல் இடுக்கில் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்ப்பது நான். "றோசலின் குடுத்து வெச்சவ," என்று கோயிலில் பெண்கள் சொல்வார்கள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கும். றோசலின் அப்போது வேறு எதையாவது பேசத் தொடங்குவாள்.

நான் சொன்னதை அவள் மறந்திருப்பாள் என்றுகூடச் சில வேளை நினைத்திருக்கிறேன்.

வெளியே நின்றேன்

தாளைத் திருப்பி ஒரு கிழமை போயிருக்கும். அவளுடைய மருந்து எடுக்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். வழமையாகத் திரும்பிவர மத்தியானம் ஒரு மணியாகும். அன்றைக்குச் சனமில்லை, பன்னிரண்டுக்கே வந்துவிட்டேன்.

படலையைத் திறக்கும்போதே சுபாவின் குரல் கேட்டது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய, ஏற்றி இறக்கி வாசிக்கிற குரல். தோட்டத்துத் தொட்டி என்ற சொல் காதில் விழுந்தது.

நான் மருந்துப் பையோடு யன்னலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். உள்ளே போயிருக்கலாம். இருமியிருக்கலாம். செய்யவில்லை. பிள்ளையின் செத்த வீட்டில் கணவர் சொன்ன இடம் வந்தது. சுபாவின் குரல் தடுமாறியது.

"அந்த இடத்த இன்னொருக்கா வாசி புள்ள," என்றாள் றோசலின்.

சுபா வாசித்தாள். பிறகு அந்த அம்மா அழாமல் இருந்த இடத்தையும் வாசித்து முடித்தாள்.

"என்னக்கா? என்ன நடந்த உங்களுக்கு?" என்று சுபா மெல்லக் கேட்டாள்.

றோசலின் பேசத் தொடங்கினாள். மிகவும் தணிந்த குரல். யன்னலுக்கு வெளியே ஒரு சொல்லும் விளங்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் இன்னும் கிட்டப் போயிருக்க வேண்டும். நான் பின்னுக்குப் போனேன். கிணற்றடியில் போய் இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துச் சுபா வெளியே வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு தன் வளவுக்குள் போய்விட்டாள்.

கேட்காத கேள்வி

நான் உள்ளே போனேன். புத்தகம் அவள் மடியில் மூடிக் கிடந்தது.

"வந்து கனநேரமா?" என்றாள்.

"ஓம்."

"கேட்டீங்களா?"

"அவ வாசிச்சது கேட்டன். நீ சொன்னது கேக்கல்ல."

அவள் தலையாட்டினாள்.

நான் நிலத்தில், அவள் காலடியில் இருந்தேன். "றோசு, நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிரிக்கக் கூடா. எனக்குப் புத்தி கெட்டுப் போயிட்டு. என்ன மன்னிச்சிரு."

இருபது வருடம் தொண்டைக்குள் இருந்த சொற்கள். சொன்னதும் அவள் அழுவாள், நானும் அழுவேன், ஏதோ ஒன்று இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"நீங்க சொன்னதுக்கு நான் கோவிக்கல்ல," என்றாள். "பிள்ளையப் பறிகுடுத்த தகப்பன். வாயில வந்ததச் சொன்னீங்க. அத நான் அடுத்த வருசமே விட்டிட்டன்."

"அப்ப?"

"நீங்க ஒருக்காலும் கேக்கல்ல." அவள் முகம் என் பக்கம் திரும்பவில்லை. "என்ன நடந்ததெண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா? தண்ணி எங்கால வந்திச்சி, நாங்க எங்க நிண்டம், அவன் என்ன சொன்னான்? உங்கட புள்ளைட கடைசிக் கதை. கை நழுவிட்டெண்டு ஆரோ சொன்னத வெச்சி முடிச்சிட்டீங்க. நான் ஒவ்வொரு வருசமும் மெழுகுதிரி கொளுத்தக்குள்ள நினைப்பன், இந்த வருசம் கேப்பாரெண்டு."

"இப்ப கேக்கன். சொல்லு. என்ன நடந்த?"

"இல்ல."

"றோசு..."

"சுபாக்குச் சொல்லிட்டன். அவள் கேட்டாள், சொல்லிட்டன். ரெண்டாந்தரம் சொல்ல எனக்கு ஏலா." புத்தகத்தைத் தடவி எடுத்து என்னிடம் நீட்டினாள். "இனி சுபா வாசிக்கட்டும். நீங்க கோவிக்காதீங்க. உங்கட வாசிப்ப நான் நம்ப மாட்டன்."

மறுகா

மிச்சப் புத்தகத்தைச் சுபாதான் வாசித்து முடித்தாள். பத்து மணி பன்னிரண்டாக மாறியது. நான் அந்த நேரத்தில் குசினியில் இருப்பேன். மீன் வெட்டுவேன், தேங்காய் துருவுவேன். உள்ளே சில நாள் சிரிப்புக் கேட்கும். என்ன பகிடி என்று கேட்க எனக்கு முகமில்லை.

ஊசி போட்டேன், கால் கழுவினேன். அவள் எப்போதும் போல நன்றாகத்தான் பேசினாள். கறிக்கு உப்புக் காணாது என்றாள். மழை வரும்போல கிடக்கு, உடுப்பை எடுங்க என்றாள். அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்க அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள். முகம் ஊதி, விரல்கள் பெருத்து, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காலை அவள் தெளிவாக இருந்தாள். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"றோசு, ஜெபன் கடைசியா என்ன சொன்னான்? அத மட்டும் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு இரைத்தது. ஒரு கையை உயர்த்தி என் முகத்தைத் தேடித் தொட்டாள்.

"மறுகா," என்றாள்.

எங்கள் பக்கத்தில் மறுகா என்றால் பிறகு என்று அர்த்தம். அன்றைக்குப் பின்னேரம் அவளுக்கு நினைவு தப்பியது. அடுத்த நாள் போய்விட்டாள்.

அவள் உண்மையாகவே பிறகு சொல்ல நினைத்தாளா, இல்லை என்னைச் சமாளிக்க அப்படிச் சொன்னாளா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வேலிக்கு அங்கால்

அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனை முடிந்து ஆட்கள் எல்லாரும் போன பிறகு, சுபா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு அக்கா சொன்னத எனக்குச் சொல்லுவியா?"

அவள் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தாள்.

"கேளாதீங்க அண்ணன்," என்றாள். "உங்களுக்குச் சொல்ல மாட்டனெண்டு அக்காக்கு வாக்குக் குடுத்திட்டன். அவ வேதப் புத்தகத்தில கைய வெக்கச் சொன்னா. வெச்சிட்டன்."

"ஒண்டே ஒண்டு. அவள் கைய விட்டாளா, இல்லியா?"

சுபா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தலையை இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மிச்சக் கதிரைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு உரிமையில்லை.

என் மகன் எப்படிப் போனான், கடைசியில் என்ன சொன்னான் என்று இந்த உலகத்தில் ஓராளுக்குத் தெரியும். அவள் என் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறாள். காலையில் பாலர் பாடசாலைக்குப் போகும்போது சைக்கிளை வேலியோரம் நிறுத்தி, "சாப்பிட்டீங்களா அண்ணன்?" என்று கேட்பாள்.

"ஓம் தங்கச்சி," என்பேன்.

அவள் போய்விடுவாள்.